ஓட்டின கை

ஆகஸ்ட் 5, திங்கள்

காலையில் பால் வாங்கப் போனபோது ஸ்டேஷன் வாசலில் நிற்கும் கரி இன்ஜினின் வயிற்றில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பசைகூடக் காயவில்லை. கண்ணாடி கொண்டுபோகாததால் எதிரே வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் காதரை வாசிக்கச் சொன்னேன். வருஷக் கடைசிக்குள் பழைய இரும்பாக ஏலம் விடப் போகிறார்களாம். காதர் வாசித்துவிட்டு, எத்தனை டன் தேறும் என்று கண்ணாலேயே அளந்தான். ஒரு முறை முறைத்தேன்.

கருவேலங்குளம் ஜங்ஷனில் மீட்டர் கேஜ் பாதையைப் பிடுங்கி அகலப் பாதை போட்டபோது எல்லா இன்ஜினையும் கொண்டுபோய்விட்டார்கள். இதை மட்டும் ஒரு துண்டுத் தண்டவாளத்தின் மேல் காட்சிக்கு நிறுத்தினார்கள். அவர் கடைசியாக ஓட்டிய கரி இன்ஜின் இது. அவர் என்றால் என் வீட்டுக்காரர் தேவசகாயம். மூட்டு வைத்தியத்துக்காக ஓசூரில் மகன் ஜெபசிங் வீட்டில் இருக்கிறார். மார்ச் மாதம் போனார். திரும்பி வரும்போது இது வெட்டுப்பட்டுக் கிடந்தால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்? ஏதாவது செய்தாக வேண்டும்.

மத்தியானம் ரசம் மிஞ்சிவிட்டது. இரண்டு பேருக்கு வைத்துப் பழகிவிட்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பஸ் ஏறி டிவிஷன் ஆபீசுக்குப் போனேன். நாலு மேசைக்கு அலையவிட்டு, கடைசியில் மேகலா என்ற அதிகாரியிடம் அனுப்பினார்கள். மெட்ராஸ் பெண். வயது முப்பது இருக்கும். சுடிதாரின் கீழ்மடிப்பு ஒரு பக்கம் பிரிந்து தொங்கியது. முப்பது வருஷம் தையல் டீச்சராக இருந்தவளுக்குக் கண் அங்கேதான் போகும். ஆனால் நல்ல பெண். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள்.

அவள் சொன்னது இதுதான். ஒர்க் ஷாப்பில் இன்ஜினைப் புதுப்பித்து மறுபடி நீராவியில் ஓட வைக்கலாம். அங்கே காட்சிக்காகக் கொஞ்சம் மீட்டர் கேஜ் பாதை வைத்திருக்கிறார்கள். ஆனால் மேலே உள்ளவர்கள், அந்த ஊருக்கு இதில் அக்கறை உண்டா என்று கேட்கிறார்கள். கையெழுத்து வேண்டும். அதைவிட, ஜனம் திரண்டு நிற்கிற போட்டோ வேண்டும். புதுப்பித்த பிறகு திரும்ப இங்கே வருமா என்று கேட்டேன். இங்கே அதற்குத் தண்டவாளம் ஏது மேடம் என்றாள்.

வரும் வழியெல்லாம் யோசித்தேன். இங்கே நின்றால் துரு. அங்கே போனால் ஓடும். ஓடுகிறது என்று அவரிடம் சொல்லலாம். ஒருநாள் இரண்டு பேருமாகப் போய்ப் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வீடு வீடாகப் போகிறேன். இந்த ஊரில் பாதிப் பெண்களுக்குச் சட்டைக்குக் காஜா எடுக்கக் கற்றுக் கொடுத்தவள் நான்தான், அதனால் யாரும் கதவைச் சாத்துவதில்லை. எதற்கு என்று கேட்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். ஒருத்தி, சாக்கடைக்கு மூடி போடச் சொல்லும் மனு என்று நினைத்துக்கொண்டு போட்டாள்.

எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி. சார் எப்போ வாராங்க டீச்சர்? டாக்டர் விட்டதும் என்கிறேன். காப்பி குடிக்கச் சொல்கிறார்கள். இன்று நாலு வீட்டில் குடித்து வயிறு உப்பிவிட்டது. ஆனாலும் நாளைக்குப் போக வேண்டிய தெருவை இப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

ஜெபசிங் போன் பண்ணி, அப்பாவின் ஸ்வெட்டரை கூரியரில் அனுப்பச் சொன்னான். ஓசூரில் குளிர்கிறதாம். துவைத்துக் காயவைத்து அனுப்பினேன்.

செப்டம்பர் 14, சனி

போட்டோவுக்குக் கூட்டம் கூட்டினேன். ஆட்டோவில் மைக் கட்டி ஊர் முழுக்கச் சொன்னோம். வந்தது நானும் காதரும் வெள்ளைச்சாமியும். வெள்ளைச்சாமி ஒரு காலத்தில் லெவல் கிராசிங்கில் கேட் கீப்பராக இருந்தவர். அவரும் நிழலுக்காக வந்தேன் என்றார். மேகலா கேமராவை எடுத்துவிட்டு மறுபடி பைக்குள் போட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. அவள் சுடிதாருக்கு ஊசி நூல் போட்டுத் தருகிறேன் என்று வீட்டுக்குக் கூட்டிவந்து மடிப்பை அடித்துக் கொடுத்தேன்.

அவள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தனியாவா இருக்கீங்க என்றாள். இல்லை, வீட்டுக்காரர் வைத்தியத்துக்குப் போயிருக்கிறார் என்றேன். அவர் செருப்பு வாசலில்தானே கிடக்கிறது.

வேலையில் இருந்த காலத்தில் அவர் வீட்டுக்கு வருவது தூங்குவதற்குத்தான். ரிட்டையரான பிறகுதான் பகல் வெளிச்சத்தில் அவர் முகத்தைச் சேர்ந்தாற்போல் பார்த்தேன். என்ன பேசுவதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நான் பேசினேன். அவர் ரேடியோ கேட்டார். சில நாள் நான் பேசப் பேச சத்தத்தைக் கூட்டுவார். காது மந்தம் ஆகிவிட்டதோ என்று நினைத்தேன்.

செப்டம்பர் 30, திங்கள்

காதர் ஒரு யோசனை சொன்னான்.

"டீச்சர், கூட்டம்னு சொன்னா நம்ம சனம் வராது. பொரிகடலைன்னு சொல்லுங்க, வரும். லோகோ ஷெட்ல ஆயுத பூசைக்கு இன்ஜினுக்குப் பொட்டு வைப்பாங்கள்லா, அதைப் போடுவோம்."

உண்மைதான். ஷெட் இருந்த காலத்தில் அன்றைக்கு சாதி மதம் எதுவும் கிடையாது. காதரின் அப்பா இன்ஜினைத் துடைத்து எண்ணெய் போடுவார். என் வீட்டுக்காரர் பூசணிக்காய் வாங்கி வருவார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆராதனைக்குப் போகிற மனுஷன், நெற்றி வேர்க்கப் பூசணிக்காய் உடைப்பார். எங்கள் சபையின் பெண்கள் சங்கத்துக்கு நான் செயலாளர். அவர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியும். சொல்லட்டும்.

அக்டோபர் 11, வெள்ளி

ஊரே வந்தது. சும்மா சொல்லக் கூடாது, ஊரே வந்தது.

காதர் பட்டறைப் பையன்கள் இரண்டு நாளாகத் துருவைச் சுரண்டி எண்ணெய் போட்டிருந்தார்கள். முகப்பில் சந்தனப் பட்டை, குங்குமம், இரண்டு பக்கமும் வாழைமரம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். வெள்ளைச்சாமிதான் சூடம் காட்டினார். மேகலா சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தாள். பொரிகடலை பத்தவில்லை, கடைக்கு ஆள் விட்டோம். பூசணிக்காயை யார் உடைப்பது என்று வந்தபோது, எல்லோரும் சார் இருந்தால் நன்றாயிருக்கும் என்றார்கள். நான்தான் உடைத்தேன். முதல் போடில் உடையவில்லை, இரண்டாவதில் உடைந்தது.

வீட்டுக்கு வந்து அவருக்கு போட்டோ அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளமாக நீலக் கோடு விழுந்தது.

அக்டோபர் 13, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பெண்கள் சங்கத்தில் இரண்டு பேர் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். போதகர் மட்டும் பக்கத்தில் வந்து, பொரிகடலை மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்.

அக்டோபர் 28, திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. இன்ஜினைப் புதுப்பிக்கப் போகிறார்கள். மேகலா போனில் சொன்னபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான் அணைக்கவில்லை. உடனே அவரைக் கூப்பிட்டேன். "ம்" என்றார். அருகில் யாரோ இருந்திருப்பார்கள். அவருக்குச் சந்தோஷத்தை வெளியே காட்டத் தெரியாது.

பிறகு ஜெபசிங் வாங்கிப் பேசினான். அப்பாவின் பைபிளையும் வாசிக்கிற கண்ணாடியையும் அனுப்பச் சொன்னான். கண்ணாடி இல்லாமல் மனுஷன் இத்தனை மாதம் எப்படிச் சமாளித்தாரோ.

நவம்பர் 15, வெள்ளி

இன்ஜினுக்கு ஏதோ ஆகிக்கொண்டிருக்கிறது.

ஆயுத பூசை முடிந்தும் வெள்ளைச்சாமி வெள்ளிக்கிழமைதோறும் விளக்கு வைக்கிறார். மேலத்தெருப் பையன் ஒருவன் ரயில்வே பரீட்சைக்கு முன்னால் ஹால் டிக்கெட்டை இன்ஜின் படியில் வைத்து மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுப் போயிருக்கிறான். பாஸாகிவிட்டான். அவ்வளவுதான். இப்போது சுற்று வட்டாரத்தில் ரயில்வே பரீட்சை எழுதுகிறவர்கள் எல்லோரும் ஹால் டிக்கெட்டோடு வருகிறார்கள். கைப்பிடிக் கம்பி முழுக்க மஞ்சள் கயிறு. பெயரும் வைத்துவிட்டார்கள்: இன்ஜின் கருப்பசாமி. கறுப்பாக இருக்கிறதாம்.

நான் கேட்டது ஆதரவு. கிடைத்தது பக்தி. யாரைக் குறை சொல்ல? குங்குமத்தைக் குழைத்துக் கொடுத்ததே நான்தான்.

நவம்பர் 25, திங்கள்

கிரேனும் நீள லாரியும் வந்தன. இன்ஜின் முன்னால் நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டவர்கள்தான் எல்லோரும். கேட்டால், இன்ஜினை வெட்டக் கூடாது என்றுதானே போட்டோம், ஊரைவிட்டுக் கொண்டுபோகச் சொல்லியா போட்டோம் என்கிறார்கள். அதுவும் ஒரு நியாயம்தான்.

மேகலா கெஞ்சிப் பார்த்தாள். வண்டி சும்மா திரும்பினால் மேலே உள்ளவர்கள் கோபித்துப் பழையபடி ஏலத்துக்கே விட்டுவிடுவார்கள் என்றாள். இன்னும் ஒரே ஒரு தடவை கிரேன் வாங்கித் தருகிறேன், அதற்குள் பேசி முடியுங்கள் என்று என்னிடம் தனியாகச் சொன்னாள். வெள்ளைச்சாமி சண்டைக்காரர் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னார்.

"காவல் தெய்வத்தைக் கேக்காமத் தூக்கப்பிடாது டீச்சர். அதை ஓட்டின கை வந்து தொட்டு, போயிட்டு வான்னு உத்தரவு குடுக்கட்டும். நாங்களே வழி விடுதோம். சாரை வரச் சொல்லுங்க."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வருவார் என்று சொல்லிவிட்டேன். டிசம்பர் ஐந்தாம் தேதி பெங்களூர் வண்டியில் வருவார் என்று தேதி உட்பட வாயில் வந்துவிட்டது.

நவம்பர் 26, செவ்வாய்

போனை அவரே எடுத்தார். நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"அந்த இன்ஜின் எனக்குப் பிடிக்கும்னு உனக்கு யாரு சொன்னா?" என்றார்.

யாரும் சொல்லவில்லை. நான் கேட்டதும் இல்லை.

"அது முன்னால வெந்தது போதும் ரஞ்சிதம். கோடையில நெருப்புக்கும் வெயிலுக்கும் நடுவுல நின்னு நின்னுதான் இந்தக் கால் போச்சு. வெட்டுனா வெட்டட்டும்."

ஒரு நிமிஷம் வந்து தொட்டால் போதும், சாயங்கால வண்டியிலேயே திரும்பிவிடலாம், ஊர் காத்திருக்கிறது என்றேன். பாக்கலாம் என்றார். அவர் பாக்கலாம் என்றால் முக்கால்வாசி சரி என்று அர்த்தம். என்னைவிட அவரை யாருக்குத் தெரியும்?

நவம்பர் 28, வியாழன்

ஜெபசிங்கின் மெசேஜ். அப்பாவின் கறுப்பு ஷூ. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் போடுவது. அங்கே யாருக்கோ கல்யாணம் இருக்கும். பாலிஷ் போட்டு, உள்ளே காகிதம் திணித்து அனுப்பினேன். அலமாரியில் அவர் தட்டில் இப்போது இரண்டு பனியன் மட்டும் கிடக்கிறது.

டிசம்பர் 4, புதன்

வீட்டைக் கழுவினேன். அவருக்குப் பிடித்த நெத்திலி வாங்கி வைத்தேன். ஜெபசிங் போனை எடுக்கவில்லை. வண்டி ஏற்றிவிடுகிற அவசரத்தில் இருப்பான்.

டிசம்பர் 5, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

காலையிலேயே பிளாட்பாரத்தில் கூட்டம். வெள்ளைச்சாமி ரோஜா மாலையோடு நின்றார். யாரோ மேளக்காரர்களைக்கூட அழைத்திருந்தார்கள். பெங்களூர் வண்டி வந்தது. முன்னால் இறங்கினவர்கள், பின்னால் இறங்கினவர்கள், எல்லாப் பெட்டியும் பார்த்தேன். ஒரு நரைத்த தலை இறங்கியது, வேறு யாரோ. வண்டி கிளம்பிவிட்டது. தூங்கி அடுத்த ஸ்டேஷனுக்குப் போயிருப்பார் என்று காதர் சொன்னான். பாவம், எனக்காகத்தான் சொன்னான்.

வெளியே கிரேன் தயாராக நின்றது. மேகலா என்னை நேராகப் பார்க்கவில்லை. இன்றைக்கும் திரும்பிப் போனால் இன்ஜின் ஏலத்துக்குத்தான். நாளைக்கு வருவார் என்று இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. நாளைக்கும் இதே பிளாட்பாரத்தில் இதே மாலையோடு நிற்பார்களே என்று நினைத்தேன்.

இன்ஜின் படியில் ஏறி நின்று சொன்னேன்.

"அவங்க வரமாட்டாங்க. இன்னைக்கு மட்டும் இல்ல, இனிமே வரமாட்டாங்க. மூட்டு வைத்தியம்னு உங்ககிட்ட நான்தான் சொல்லிட்டு இருந்தேன். அவங்க மகன் வீட்டுலயே தங்கிட்டாங்க. என்கூட இருக்கப் பிடிக்கல. ஓட்டின கைக்குக் காத்திருந்தா இந்த இன்ஜினை வெட்டித்தான் எடுத்துட்டுப் போவாங்க."

மேளக்காரர் ஒருவர் சும்மா தட்டிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். என் பழைய மாணவிகள் எத்தனையோ பேர் அங்கே நின்றார்கள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

வெள்ளைச்சாமி துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"அப்பம் நீங்களே தொட்டு அனுப்புங்க டீச்சர்," என்றார். "ஓட்டினவரைவிட நீங்கதான இதுக்கு நாயா அலைஞ்சீங்க."

மாலையை என் கையில் கொடுத்தார். முகப்பில் போட்டேன். இரும்பு வெயிலில் சுட்டது. கையை வைத்து, போய்விட்டு வா என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மூன்று மணி நேரத்தில் தூக்கி ஏற்றிவிட்டார்கள். லாரி திரும்பும்போது பெண்கள் குலவை போட்டார்கள்.

டயரியில் ஒன்றைத் தெளிவாக எழுதிவிட வேண்டும். கூட்டத்தைக் கலைக்க வேறு வழியில்லாமல் சொன்னதுதான் அது. அவருக்கு வைத்தியம் முடியவில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

காலையிலிருந்து ஒவ்வொருத்தியாக வருகிறாள். காதர் மனைவி இடியாப்பம், வெள்ளைச்சாமி வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு. முகத்தைத் திருப்பிக்கொண்ட சங்கத்துப் பெண்கள் இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள், தூக்குவாளியில் சாம்பார் சாதத்தோடு. துக்க வீட்டுக்குத்தான் இப்படி அடுப்பு மூட்ட விடாமல் கொண்டுவருவார்கள். எனக்குக் கோபம் வந்தது. இங்கே யாரும் சாகவில்லை என்றேன். சரி டீச்சர், சாப்பிடுங்க என்றார்கள்.

இடியாப்பம் நன்றாக இருந்தது. அவர்கள் போன பிறகு வீடு முன்னைவிடப் பெரிதாக இருந்தது.

டிசம்பர் 8, ஞாயிறு

அவர் கூப்பிட்டார். போனதிலிருந்து அவராகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

நான் படியில் நின்று பேசியதை யாரோ போனில் பிடித்து ஊர் முழுக்க அனுப்பி, அது ஓசூர்வரை போயிருக்கிறது. கோபமாகத்தான் இருப்பார் என்று, கூட்டத்துக்காகச் சொன்னேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று நானே முந்திக்கொண்டு ஆரம்பித்தேன். எவ்வளவு நேரம் பேசினேனோ. அவர் குறுக்கே பேசவில்லை. அங்கே ரேடியோ எதுவும் கேட்கவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தினபோது சொன்னார்.

"நான் சொல்லியிருக்கணும் ரஞ்சிதம். எனக்குத் தைரியம் இல்ல. நீ சொல்லிட்ட."

பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். போனை வைத்துவிட்டோம்.

நெத்திலி ஃபிரிட்ஜில் அப்படியே இருந்தது. எடுத்துப் பூனைக்குப் போட்டேன். தரையில் உட்கார்ந்து அழுதேன். மார்ச் மாதமே அழுதிருக்க வேண்டியது. மார்ச்சில் எனக்குத் தெரியாதா என்ன? தெரியும்.

டிசம்பர் 25, புதன்

ஆராதனை. புது சேலை, நானே ஃபால் தைத்தது. வீட்டுக்கு வந்து கதவைத் திறக்க மனசில்லாமல் ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன். இன்ஜின் நின்ற இடத்தில் ஆட்டோ நிறுத்துகிறார்கள். தனியாக இருக்கிறேன். எழுதிப் பார்த்தேன், அவ்வளவு பெரிய வார்த்தை இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

மேகலா போன் செய்தாள். வேலை முடிந்துவிட்டதாம். வருகிற சனிக்கிழமை கரி போட்டு, நீராவி ஏற்றி, ஒரு பெட்டியைக் கோத்து ஓட்டிப் பார்க்கிறார்கள். கருவேலங்குளத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பெட்டியில் இடம் பிடித்து வைக்கிறாளாம். காதர் குடும்பத்தோடு வருகிறான். வெள்ளைச்சாமி சூடம் கொண்டுவரலாமா என்று கேட்டிருக்கிறார், நெருப்புப் பக்கம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.

கடைசியில் என்னிடம் கேட்டாள், உங்களுக்கு எத்தனை சீட் மேடம் என்று. கேட்டபின் அவளுக்கே சங்கடமாகிவிட்டது, ஏதோ பேப்பரைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

ஒன்று போதும் என்றேன். ஜன்னலோரமாக வேண்டும் என்றும் சொன்னேன்.